இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

இசைத்தட்டு ஆலையில் எல்லோரும் அவளைப் பிரஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட நாலு வயது மூத்த பாய்லர்காரருக்கும் அவள் அக்காதான். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஒன்பது வருஷமாக நிற்கிறாள். நின்று நின்று இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. செருப்பை ஒரு நம்பர் பெரிதாக வாங்கிப் போட்டு அதையும் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வேலை சொல்வதற்குச் சுலபம். கறுப்புப் பிளாஸ்டிக் குருணை உருகி, கையகல உருண்டையாக வந்து விழும். அதற்கு மேலே ஒரு லேபிள், கீழே ஒரு லேபிள். இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்து லீவரை இழுத்தால் நூறு டன் எடை வந்து உட்காரும். ஆவி சீறும். அது அடங்கியதும் குளிர்ந்த தண்ணீர் ஓடும். அரை நிமிஷத்தில் உருண்டை தட்டாகி வெளியே வரும். ஓரத்துப் பிசிறைச் சீவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உறையில் போட வேண்டும். செய்வதற்குத்தான் சுலபமில்லை. லேபிள் காகிதத்தில் பொட்டு ஈரம் இருந்தாலும் சூட்டில் கொப்புளம் கட்டிவிடும். அதனால் மழைக்காலத்தில் லேபிள்களை முதல் நாளே உலர்த்துப் பெட்டியில் வைத்து, சருகு மாதிரி காய்ந்த பிறகுதான் எடுப்பார்கள்.

அன்றைக்கும் நல்ல மழை. தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அவள் காதருகே வந்து கத்தினான்.

"புது ஆர்டர்க்கா. ரெண்டாயிரத்து ஐந்நூறு. பழைய ராக் குழு ஒண்ணு, அவங்களோட ஹிட் பாட்டெல்லாம் சேர்த்து ஒரே தட்டு. மொத்தம் பதினாலு. வியாழக்கிழமை அந்தப் பாடகரே இங்க வர்றாராம், போட்டோ எடுக்க. ஒரு கொப்புளம் இருக்கக் கூடாது."

எந்தக் குழு என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்ததும் உறையிலேயே நாலு பேர் நின்றார்கள். இடது ஓரத்தில், தோள்வரை முடியோடு, சிரிக்கத் தெரியாத மூஞ்சியோடு நின்றவன் அவள் புருஷன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்திய புருஷன். இப்போது அந்த முடி இல்லை. டிரம் பக்கத்திலேயே இருந்ததில் வலது காது பாதிதான் கேட்கும். பஸ் டிப்போவில் கிழிந்த சீட்டுகளுக்கு ரெக்ஸின் தைக்கிறார். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஒலித்த குழுவில் டிரம் அடித்தவர் என்றால் டிப்போவில் நம்ப மாட்டார்கள். அவரும் மெனக்கெட்டு நம்ப வைத்ததில்லை. ஆலையில் அவளும் மூச்சுவிட்டதில்லை. சொன்னால், "அப்புறம் ஏன்க்கா நீ இங்க நிக்கிறே" என்று கேட்பார்கள். அதற்கு வேறு ஒரு கதை சொல்ல வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் போய்ச் சொல்லலாம், உங்க மூஞ்சியை இன்னைக்கு ஐந்நூறு தடவை பார்த்தேன் என்று. அந்த நினைப்போடு முதல் தட்டை இழுத்தாள். பிசிறைச் சீவினாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். லேபிளைப் படித்தாள்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. 'ஊரு ரெண்டு.' அந்தக் குழுவை ஊருக்குத் தெரிய வைத்ததே அந்தப் பாட்டுதான். பழைய தட்டுகளில் அதன் கீழே, 'சொல்' என்று போட்டு அவள் புருஷன் பேர் சின்னதாக இருக்கும். இதில் இல்லை. எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து அடியில் ஒரே வரி: 'சொல்லும் இசையும்' என்று போட்டு, பாடகர் பேர். தன்னந்தனியாக.

அவள் மறுபடி படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தாள். பிறகு பிரஸ்ஸை நிறுத்தினாள்.

தட்டில் குறை இருந்தால் தொங்கவிடுவதற்கென்று ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு சிவப்பு அட்டை உண்டு. கொப்புளம், கீறல், மையம் விலகல் என்று காரணத்தை எழுதி மாட்ட வேண்டும். அவள் 'லேபிளில் பேர் தவறு' என்று எழுதி மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். "என்னக்கா, பாடகர் பேரு சரியாத்தானே இருக்கு?"

"மூணாவது பாட்டை அவர் எழுதல."

"யாரு எழுதினா நமக்கென்னக்கா. கம்பெனி பார்த்து ஓகே பண்ணின லேபிளு."

"லேபிள்ல தப்பு இருந்தா நிறுத்தணும்னு சொல்லிக் கொடுத்தது நீதானே. போன மாசம் ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு நானூறு தட்டை உடைச்சு மறுபடி உருக்கினோம். இதுல ஒரு ஆளே விட்டுப்போயிருக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. ஆபீஸுக்குள் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலையாட்டுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. அந்த டிரம்மர் எழுதிக் கொடுத்திருக்கார். அந்தப் பாட்டுல எனக்குப் பங்கு ஒண்ணும் இல்ல, பேரை எடுத்துடலாம்னு. கையெழுத்தோட இருக்காம். மூணு மாசம் ஆச்சாம்."

"டிரம்மரா?"

"ஆமா. அந்த ஆளே வேணாம்னுட்டார். உனக்கு ஏன்க்கா இவ்வளவு ஆத்திரம்?"

"அந்த ஆளு என் வீட்டுக்காரர்."

அவன் உறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி உறையைப் பார்த்தான். பாய்லர்காரர் ஆவிக் குழாயைத் திருகுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"நீ வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாக்கா," என்றான் சூப்பர்வைசர். "அதுவரைக்கும் வேற ஆர்டரை ஓட்டிக்கிறேன். வியாழக்கிழமை வரைக்கும்தான். அதுக்கு மேல என்னால முடியாது."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. பாடகர் மேல் ஏறியிருந்த கோபம் அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து இடித்துக்கொண்டு நின்றது. மூணு மாசம். மூணு மாசமாகத் தட்டில் சோறு போட்டிருக்கிறாள், காதுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறாள், ஒரு வார்த்தை இல்லை.

அவர் அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஈரக் குடையைக் கை நீட்டி வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை.

"அந்தப் பாட்டை எழுதிக் கொடுத்தீங்களா?"

"எந்தப் பாட்டு?"

"காது கேக்காத மாதிரி நடிக்காதீங்க. இடது பக்கம் நின்னுதான் கேக்குறேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நம்ம பாட்டுக்காரன் போன் பண்ணினான். எல்லாப் பாட்டும் சேர்த்து ஒரே தட்டா வருது, எல்லாத்துக்கும் ஒரே பேரா இருந்தா நல்லா இருக்கும், உனக்கு வருத்தம் இல்லையேன்னான். இதுல காசு பணம் ஒண்ணும் கிடையாது, அதெல்லாம் அந்தக் காலத்துலயே போயிடுச்சு. பேரு மட்டும்தான். சரின்னேன்."

"ஏன்?"

"ஏன்னா என்ன சொல்ல."

"ஏன்னு கேட்டேன். அவன் கேட்டா கோவணத்தையும் அவுத்துக் கொடுப்பியா?"

மற்ற நேரம் அவள் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் முதலில் உதிர்வது அந்த 'ங்க'தான். அது அவருக்கும் தெரியும். உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அது என்னோடது இல்லையே. அந்தப் பாட்டுல இருக்கிறது மொத்தமும் நீ சொன்னது. நான் எழுதி வச்சேன், அவ்வளவுதான். அந்தக் காலத்துல எங்க போனாலும் 'என்ன வரி எழுதிட்டய்யா'ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசும். அவன் பேரை எடுத்துக்கிறேன்னு சொன்னப்போ, அப்பாடான்னு இருந்துச்சு. பாரம் இறங்கின மாதிரி."

அது உண்மைதான். மகளுக்கு அப்போது ரெண்டு வயது. பதினொரு நாள் காய்ச்சல். மருந்துக்கும் தண்ணீருக்குமாக அவள் ஒருத்தியே அலைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கச்சேரிச் சுற்றுப்பயணம் முடிந்து இவர் வந்தார். குழந்தையை எட்டிப் பார்த்தார். மறுநாளே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றார். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மெத்தைமேல் குச்சியால் தட்டித் தட்டிப் பழக ஆரம்பித்தார். அவள் கதவுக்கு வெளியே நின்று கத்தினாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வீடு ஒண்ணுதான், ஊரு ரெண்டு. என் ஊர்ல மழை, உன் ஊர்ல மேளம். இன்னும் என்னென்னவோ கத்தினாள். உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது. அவர் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார் என்று நினைத்தாள். உள்ளே அவர் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

பாட்டு வெளிவந்தபோது, "இது உனக்காக" என்றார். அவளும் பூரித்துப்போனாள். இத்தனை வருஷமும் அதை ஒரு பரிசு மாதிரித்தான் வைத்திருந்தாள். தன் பொருளையே தனக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான், அவர் வாயால் கேட்ட பிறகுதான், உறைத்தது.

"உனக்குக் கூசுச்சா," என்றாள். "கூசினவன் என்ன பண்ணணும்? பாரத்தை இறக்குறவன் சொந்தக்காரி வாசல்ல கொண்டாந்து இறக்கணும். தெருவுல போறவன் தலையில ஏன் தூக்கி வச்சே?"

"நான் அப்படி யோசிக்கல."

"என் கோபம் அது. எம்புள்ளைக்காக வந்த கோபம். முதல்ல நீ எடுத்துக்கிட்டே. சரி, புருஷன்தானேன்னு விட்டேன். இப்போ அதைத் தூக்கி இன்னொருத்தனுக்குக் கொடுத்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? வீட்டுல பழைய பேப்பரைப் போடுறதுக்கே என்னைக் கேக்குறவன்."

அவள் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து மீதிக் கிழங்கை உரித்தாள். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். உப்பு இல்லை. அவர் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை.

வியாழக்கிழமையும் மழை விடவில்லை. ஆலையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பாடகர் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளி முடியுமாகக் காரிலிருந்து இறங்கினார். கூடவே மேனேஜர் ஒருவன், போட்டோக்காரன் ஒருவன். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, நீ இங்கயா இருக்கே? உன் கையால சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு. மாப்ளே எப்படி இருக்கான்?"

"இருக்கார்ணே. மூணாவது பாட்டை எழுதினது யாரு?"

சூப்பர்வைசர் நடுவில் வந்து நின்றான். பாடகர் அவன் தோளில் கை வைத்து ஒதுக்கினார். கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அது எல்லாரும் சேர்ந்து பண்ணினதும்மா. மாப்ளே ஏதோ ஒரு அட்டையில கிறுக்கிக்கிட்டு வந்தான். ஒத்திகையில நூறு தடவை மாத்தினோம். கடைசியில என் வாயில வந்ததுதான் நின்னுச்சு."

"எந்த வார்த்தையை மாத்தினீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லாயிரம் தடவை பாடிப் பாடி அது தன்னுடையது என்றே நம்பிவிட்டிருந்தார். அவளுக்கு இன்னும் எரிந்தது. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். நம்பிக்கொண்டிருக்கிறவனோடு எங்கே போய் முட்டிக்கொள்வது?

"பாடுங்கண்ணே, கேப்போம்."

பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். குரல் இன்னும் கெட்டுப்போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் என்று இழுத்து, உருகி, கெஞ்சி, கடைசியில் காற்றாக விட்டார். உறை போடுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கெஞ்சுறீங்கண்ணே," என்றாள் அவள். "அது கெஞ்சினது இல்ல."

அப்போதுதான் வாசலில் அவள் புருஷன் நிற்பதைப் பார்த்தாள். டிப்போவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். குடை கொண்டுவரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பாடகரை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். பாடவில்லை. அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் பல்லால் கடித்துத் துப்பினாள். "கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வீடு ஒண்ணுதான், ஊரு ரெண்டு." பாட்டு முடிகிற இடத்தில் அவள் முடிக்கவில்லை. பாட்டில் இல்லாத ரெண்டு வரியையும் சொன்னாள்.

"தாழ்ப்பா உன் பக்கம் இருக்கு, சோறு என் பக்கம் இருக்கு. யாரு முதல்ல திறக்குறாங்கன்னு பார்ப்போம்டா."

பாய்லர்காரர் மட்டும் அடித்தொண்டையில், "அப்படிப் போடு" என்றார். டிரம்மர் தலை குனிந்திருந்தது. முதல் தடவை கேட்கிற ஆள் மாதிரி நின்றார்.

மேனேஜர் போனை எடுத்து நீட்டினான். "அம்மா, இதை இன்னொரு தடவை சொல்லுங்களேன். ரெக்கார்ட் பண்ணித் தட்டோட கடைசியில சேர்த்தா பிரமாதமா இருக்கும்."

அவள் பார்த்த பார்வையில் போன் பைக்குள் போய்விட்டது.

டிரம்மர் முன்னால் வந்தார். "நான் கையெழுத்துப் போட்டது தப்பு. என் பேரை எடுத்துடுன்னு சொல்ல எனக்கு உரிமை உண்டு, உன் பேரைப் போட்டுக்கோன்னு சொல்ல இல்ல. இது அவளோடது. அவ பேரைப் போடு."

"முப்பத்தெட்டு வருஷம் உன் பேரு இருந்துச்சே. அப்போ சொல்லலையேடா மாப்ளே."

"சொல்லல. அதனாலதான் இப்போ சொல்றேன்."

"லேபிள் அடிச்சாச்சு."

"வேற அடி."

பாடகர் முகத்தில் அதுவரை இருந்த பெரிய மனுஷத்தனம் வடிந்துவிட்டது. "என்னடா பேசுறே. ஜனங்க இந்தப் பாட்டைக் கேட்டு அழறாங்க. கல்யாணத்துக்குப் போடுறாங்க, சாவுக்குப் போடுறாங்க. அவங்ககிட்டப் போய், இது யாரோ ஒரு பொம்பளை சோத்துச் சண்டையில புருஷனைத் திட்டினதுன்னு சொல்லணுமா?"

"ஆமாண்ணே," என்றாள் அவள். "அதையேதான் சொல்லணும். ஒரு வார்த்தை குறையாம."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேனேஜரிடம் திரும்பி, "அந்தப் பாட்டை எடுத்துடு" என்றார்.

"சார், அது இல்லாம எப்படி சார். அதுக்குத்தானே வாங்குவாங்க."

"எடுத்துடுன்னேன். பதிமூணு போதும்."

எதிர்பார்த்தது எதுவானாலும் அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பேரைப் போடுவதற்குப் பதிலாகத் தன் கையையே வெட்டிக்கொள்வான் ஒரு மனுஷன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கார் கிளம்பிப் போன பிறகும் அவள் பிரஸ் பக்கத்திலேயே நின்றாள்.

புது அச்சு வர ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் அவளைப் பிரஸ்ஸிலிருந்து பெட்டி மடிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். "மேலேருந்து சொல்றாங்கக்கா, என்னைத் தப்பா நினைக்காதே," என்றான் சூப்பர்வைசர். "நினைக்கத்தான் செய்வேன்," என்றாள் அவள். இருந்தாலும் உட்கார்ந்து செய்கிற வேலை, காலுக்கு நல்லது என்று பாய்லர்காரர் ஆறுதல் சொன்னார். பதிமூன்று பாட்டுத் தட்டுகள் பெட்டி பெட்டியாக அவள் கைவழியேதான் வெளியே போயின.

தட்டு கடைக்கு வந்த வாரமே கேள்வி கிளம்பியது. 'ஊரு ரெண்டு' எங்கே என்று ஜனங்கள் பத்திரிகைக்கு எழுதினார்கள். பத்திரிகைக்காரர்கள் பாடகரைப் போய்க் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பதில் வந்திருந்தது. "அது விளையாட்டாகப் பண்ணிய பாட்டு. எனக்கு எப்போதுமே அதில் பெரிய ஈடுபாடு கிடையாது."

அவள் அதைச் சத்தமாக, புருஷனின் இடது காதுக்கு, ரெண்டு தடவை படித்துக் காட்டினாள். அவர் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினார். ரெக்ஸின் தைத்துக் காய்த்துப்போன விரலில் பேனா நிற்கவில்லை. அடித்து அடித்து எழுதினார். முடித்ததும் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். அந்தப் பாட்டின் சொற்கள் பாடகருடையவை அல்ல, தன்னுடையவையும் அல்ல, இத்தனை காலம் தன் பேர் இருந்ததே தவறு, என்று ஆரம்பித்திருந்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

"'என் மனைவி'ன்னு எழுதியிருக்கீங்க. என் மனைவின்னா யாரு? எனக்குப் பேரு கிடையாதா?"

அவர் தாளை வாங்கி, அந்த இடத்தில் அவள் பேரை முழுசாக எழுதினார். அவள் மறுபடி வாங்கிப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"இது என்ன, 'கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டே சொன்ன வார்த்தைகள்'? நான் எப்ப அழுதேன்?"

"இல்ல, படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் மனசைத் தொடுற மாதிரி..."

"நான் அழல. பதினொரு நாள் தூங்காம இருந்தேன், அப்பவும் அழல. திட்டினேன். திட்டினேன்னு எழுது."

அவர் 'அழுதுகொண்டே சொன்ன' என்பதை அடித்தார். அடியில் எழுத்துத் தெரிகிறது என்று அவள் சொன்னதும் இன்னொரு தடவை அழுத்தி அடித்தார். மேலே, 'திட்டிய' என்று எழுதினார்.

"பெருசா எழுது," என்றாள் அவள்.